பழைய கப்பல் தோழரைத் தேடுகிறீர்களா? கொங்கு நாட்டு முன்னாள் கடற்படையினருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு மேட்டுப்பாளையம் பக்கம். கொல்லையில் நின்றால் நீலகிரி மலை தெரியும். அந்த மலையின் பெயரைக் கொண்ட போர்க்கப்பலில்தான், ஐ.என்.எஸ். நீலகிரியில், 1984 முதல் 1987 வரை பாய்லர் ரூமில் வேலை பார்த்தேன். 1981-ல் சேர்ந்தேன், 15 வருடம் முடித்து 1996-ல் வெளியே வந்தேன். அதே வருடம் கப்பலுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் ஆலை வேலை, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. எல்லாம் ஓய்ந்து உட்கார்ந்தபோதுதான் மாலுமிகள் தங்கும் அந்த மெஸ்டெக்கில் இடித்துப் பிடித்துப் படுத்துக் கிடந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தேட ஆரம்பித்தேன். 14 மாதத்தில் 11 பேர் கிடைத்தார்கள். இதில் முதல் எட்டு மாதம் தப்பான கதவுகளைத் தட்டியே போய்விட்டது. உங்களுக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வயதில் எட்டு மாதம் என்பது பெரிய காலம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்து முன்னாள் மாலுமிகளை நினைத்து எழுதியது. அப்பாவுக்காகத் தேடும் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

1. முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

போனை எடுக்காதீர்கள். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் மேலே அவர் பெயர் அல்லது நீங்கள் அவரைக் கூப்பிட்ட பெயர். அதன் கீழே, எந்தக் கப்பல், எந்த வருடம், எந்தப் பிரிவு, என்ன ரேங்க், எந்த மெஸ், எந்த ஊர்க்காரர், கல்யாணம் ஆனவரா, தம்பி தங்கை பற்றி ஏதாவது சொன்னாரா என்று ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதுங்கள்.

எனக்கு இங்கேதான் முதல் அடி விழுந்தது. மூன்று வருடம் ஒரே வாட்சில் (ஷிப்டில்) தோளோடு தோள் நின்றவரின் முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை. கப்பலில் தமிழ் ஆட்களை நாங்கள் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டோம். அவர் 'தாராபுரம்', நான் 'மேட்டுப்பாளையம்', கேலியில் (கப்பல் சமையலறையில்) சமையல்காரராக இருந்தவர் 'நாமக்கல்'. வடநாட்டுக்காரர்களுக்கு நாங்கள் எல்லாருமே 'அண்ணா'. ஆஜர் எடுக்கும்போது கேட்ட பெயர் காதில் நிற்கவே இல்லை.

ஆகவே பெயர் தெரியவில்லை என்று பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சம்பவத்தை எழுதுங்கள். "நள்ளிரவு மிடில் வாட்ச் முடிந்து வந்தால் பங்க் படுக்கையில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார்", "கொச்சியில் லிபர்டியில் கரைக்குப் போனபோது செருப்பைத் தொலைத்தார்" என்பது போல. வேறொருவர் இதைப் படித்ததும், "அட, அவரா!" என்று பெயரைச் சொல்வார். எனக்கு இரண்டு பெயர்கள் அப்படித்தான் கிடைத்தன.

நோட்டை ஒரு வாரம் தலைமாட்டில் வையுங்கள். அதிகாலையில்தான் ஞாபகம் நன்றாக வரும்.

2. உங்கள் ஆவணங்களைச் சரிபாருங்கள்

தேடுவது அவரை, காகிதம் எதற்கு உங்களுடையது என்று தோன்றும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்தப் பழைய மாலுமியிடம் பேசினாலும், முதலில் நீங்கள் யார் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சான்று, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பென்ஷன் வாங்குபவராக இருந்தால் பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகல், ஆதார். இவற்றோடு கப்பல் காலத்து புகைப்படம் ஏதாவது இருந்தால் நல்லது. டிஸ்சார்ஜ் சான்றில் நீங்கள் எந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதைப் பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஞாபகத்தில் இருக்கும் வருடமும் காகிதத்தில் இருக்கும் வருடமும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நான் 1983 என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சான்று 1984 என்றது.

மாலுமி எண் முக்கியம். எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட அந்த எண்ணைப் பலர் எழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். உங்களோடு அதே நாளில் சில்கா பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர்களின் எண்கள் உங்கள் எண்ணுக்கு அருகிலேயே இருக்கும் என்பதால், பேட்ச் ஆட்களைத் தேடும்போது இது நல்ல துப்பு.

செலவு: இரண்டு செட் ஜெராக்ஸ், புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுக்க ஒரு ஸ்டுடியோ. எனக்கு மொத்தம் 240 ரூபாய் ஆனது. மூலப் புகைப்படத்தை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

3. முகவரி கேட்காதீர்கள், உங்கள் முகவரியைக் கொடுங்கள்

என் எட்டு மாதத்தைத் தின்றது இதுதான். ஒவ்வொரு அலுவலகமாக "இன்னாருடைய முகவரி வேண்டும்" என்று எழுதினேன். ஒன்றில் பதிலே வரவில்லை. இன்னொன்றில் ஊழியர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஆறு பேரின் முகவரி கேட்டேன். 30 நாளுக்குள் பதில் வந்தது, தர முடியாது என்று. இன்னொருவரின் சொந்தத் தகவலை அந்தச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் மறுக்கலாம். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். என் முகவரியை யாரோ கேட்டு வாங்கிப் போனால் எனக்கும் பிடிக்காது. நீங்கள் அந்தப் பத்து ரூபாயையும் ஒரு மாதத்தையும் வீணாக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். நண்பருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டுங்கள். உறையின் மேல் அவர் பெயர், ரேங்க், தெரிந்தால் எண், கப்பல், வருடம். தபால்தலையும் ஒட்டிவிடுங்கள், சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய். அதை இன்னொரு பெரிய உறையில் வைத்து, மேலே ஒரு பக்கக் கோரிக்கை மனு எழுதுங்கள்: "இவருடைய முகவரி எனக்கு வேண்டாம். உங்கள் பதிவில் இவர் இருந்தால் இந்த உறையை மட்டும் அவருக்கு அனுப்பி உதவுங்கள். விரும்பினால் அவரே என்னைத் தொடர்புகொள்வார்." உங்கள் டிஸ்சார்ஜ் சான்றின் நகலையும் கூடவே வையுங்கள்.

மாலுமிகளின் பணிப் பதிவுகள் இருக்கும் இடம் மும்பை மான்குர்டில், சீட்டா கேம்பில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ். பின்கோடு 400088, கமடோர் பெயருக்கு எழுத வேண்டும். நண்பரின் மாவட்டம் தெரிந்தால் அங்குள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதுவது இன்னும் பக்கம். தமிழ்நாட்டுக்குள் தமிழிலேயே எழுதலாம். மும்பைக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

கடிதத்தை அனுப்பி வைப்பது அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலை கிடையாது. நாம் வைப்பது ஒரு கோரிக்கை. நான் மூன்று உறைகளை மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்தது, நாலு மாதம் கழித்து. கரூரிலிருந்து போன் வந்தபோது நான் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். மடை உடைந்து பக்கத்துப் பாத்தியெல்லாம் நிரம்பியது, போனை வைக்க மனசு வரவில்லை.

பதிவுத் தபாலை இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். 60 நாள் பொறுத்து, பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். வாரம் ஒரு போன் போட்டுத் தொந்தரவு செய்தால் காரியம் கெடும்.

4. அவர்கள் வந்து போகும் இடத்தில் உங்கள் சீட்டை விட்டு வையுங்கள்

முன்னாள் மாலுமி எங்கே வாழ்ந்தாலும் சில இடங்களுக்கு வந்துதான் ஆக வேண்டும். படைவீரர் கேன்டீன், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட) பாலிகிளினிக், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இந்த இடங்களில் ஒரு சிறு சீட்டு போதும். நான் எழுதியது இவ்வளவுதான்:

"ஐ.என்.எஸ். நீலகிரி, 1984–87, பாய்லர் ரூம். மேட்டுப்பாளையத்துக்காரர். அந்தக் காலத்தில் அந்தக் கப்பலில் இருந்த யாராக இருந்தாலும் அழைக்கவும்." கீழே போன் எண்.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கப்போகிறவர்கள் எல்லாருக்கும் கண்ணாடி. அறிவிப்புப் பலகையில் ஒட்டும் முன் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். நான் கேட்காமல் ஒட்டிய இடத்தில் அடுத்த நாளே கிழித்துவிட்டார்கள். கேட்டிருந்தால் அவர்களே பசை கொடுத்திருப்பார்கள் என்று அப்புறம் தெரிந்தது. கேன்டீனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையையும் மறக்காதீர்கள். எனக்கு முதல் அழைப்பு டீக்கடைச் சீட்டைப் பார்த்துத்தான் வந்தது.

எப்போது போவது? நவம்பர் மாதம் வருடத்திலேயே நல்ல மாதம். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் அது. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர்கள்கூட அப்போது வங்கிக்கும் சேவை மையத்துக்கும் வருவார்கள். அடுத்து டிசம்பர் 7, கொடிநாள். கலெக்டர் அலுவலகத்தில் நிகழ்ச்சி இருக்கும். முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர் நாள் கூட்டமும் அங்கே அவ்வப்போது நடக்கும், தேதி செய்தித்தாளில் வரும். மனு எதுவும் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் தரைப்படைக்காரர்கள்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு நேவிக்காரரைத் தெரிந்திருக்கும்.

கோவை ரெட்பீல்ட்ஸில் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறதே, அங்கே போய்க் கேட்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். அது பணியில் இருக்கும் மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கும் இடம். வாசலில் போய் நின்று பழைய ஆட்களைப் பற்றி விசாரிப்பது சரியில்லை. அக்ரணியால் வேறொரு நன்மை உண்டு. பஞ்சாபிலும் பீகாரிலும் இருக்கும் உங்கள் நண்பர் பெட்டி ஆபீசர் ஆனபோது பயிற்சிக்காகக் கோவைக்கு வந்திருக்கலாம். "கோயம்புத்தூர்" என்று சொன்னால் அவருக்கு ரெட்பீல்ட்ஸ் சாலையும் அங்கே குடித்த காபியும் ஞாபகம் வரும். பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

5. அவர் கற்ற தொழிலை வைத்துத் தேடுங்கள்

மாலுமி 33, 35 வயதில் வெளியே வருகிறார். அதற்கு மேல் 25 வருடம் எங்கோ வேலை செய்திருப்பார். அந்த வேலை பெரும்பாலும் கப்பலில் கற்ற தொழிலாகத்தான் இருக்கும். கொங்கு நாட்டில் இது நல்ல வழி, ஏனென்றால் இங்கே அத்தனை தொழிலும் இருக்கிறது.

ஸ்டோக்கர் (கப்பலின் பாய்லர் ஆள்) என்றால் பாய்லர் வேலை. திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகள், சர்க்கரை ஆலைகள், புகளூர் காகித ஆலை. நான் வேலை பார்த்ததே ஒரு ஆலையின் பாய்லரில்தான். ஒரு பாய்லர்க்காரருக்கு இன்னொரு பாய்லர்க்காரரைத் தெரியும். மில் எலக்ட்ரீஷியன்களிடம், நேவியின் எலக்ட்ரிகல் பயிற்சிப் பள்ளியான வல்சுராவில் படித்தவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். ரைட்டராக (கணக்கு, எழுத்து வேலையில்) இருந்தவர்கள் வங்கிக்குப் போயிருப்பார்கள். மெடிக்கல் பிரிவில் இருந்தவர் ஆஸ்பத்திரியிலோ மருந்துக்கடையிலோ இருக்கலாம். இந்த வழியில் எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒரு பைசா செலவில்லை.

6. பெயரும் மாவட்டமும் மாறியிருக்கும், கவனம்

பழைய நண்பர் ஒருவர் 1982-ல் எழுதிக் கொடுத்த முகவரி உங்கள் டைரியில் இருக்கலாம். அதை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

1979-ல் கோவையிலிருந்து பிரிந்தது பெரியார் மாவட்டம். அதுதான் பிறகு ஈரோடு மாவட்டம் ஆனது. அதிலிருந்த தாராபுரமும் காங்கேயமும், கோவையிலிருந்த உடுமலை, பல்லடம், அவிநாசியும் 2009-ல் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. கரூர் முன்பு திருச்சி மாவட்டம். நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டம். "பெரியார் மாவட்டம், தாராபுரம் தாலுகா" என்று டைரியில் இருந்ததைப் பார்த்துவிட்டு நான் ஈரோடு அலுவலகத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்தேன். எழுத வேண்டியது திருப்பூருக்கு.

பெயரும் அப்படித்தான். நமக்குத் தகப்பனார் பெயர் முன்னெழுத்து மட்டும்தான். நேவியில் அதை விரித்து முழுப் பெயராக்கி, சில இடத்தில் முன்பின் மாற்றியும் எழுதியிருப்பார்கள். குப்புசாமி மகன் பழனிச்சாமி அங்கே 'குப்புசாமி' ஆகியிருப்பார். பழனிச்சாமி என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். நாலையும் போட்டுத் தேடுங்கள். இணையத்தில் தேடும்போது பெயரோடு கப்பல் பெயர், வருடம் இரண்டையும் சேர்த்தால்தான் ஏதாவது கிடைக்கும்.

7. போனை நம்பாதீர்கள், நேரில் போங்கள்

ஒரு வழியாக 'தாராபுரம்' இருக்கும் இடம் மூலனூர் பக்கம் என்று தெரிந்து, ஒரு எண்ணும் கிடைத்தது. கூப்பிட்டேன். மருமகள் எடுத்தார். "நேவியில் கூட இருந்தவன் பேசறனுங்க" என்றேன். "அவுருக்கு யாரையும் தெரியாதுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு முறை கூப்பிட்டும் அதே பதில். வருத்தமாக இருந்தது. அப்புறம் காரணம் புரிந்தது. பென்ஷன் நின்றுவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று பென்ஷன்காரர்களைக் கூப்பிட்டு ஏமாற்றுகிற காலம் இது. அந்தப் பெண் தன் மாமனாரைக் காப்பாற்றியிருக்கிறார். இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்குக் காது கேட்காது. பாய்லர் ரூமிலும் என்ஜின் ரூமிலும் வேலை செய்த எங்களில் பலருக்கும் இந்தக் குறை உண்டு. நம் ஆட்களைப் போனில் பிடிப்பது கஷ்டம் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள்.

சரி, நேரில் போவதென்றால் எப்படி?

முன்கூட்டி 50 பைசா அஞ்சலட்டை ஒன்று போடுங்கள். எந்தத் தேதி வருகிறீர்கள், யார் நீங்கள் என்று இரண்டு வரி. அஞ்சலட்டையை வீட்டில் எல்லாரும் படிப்பார்கள், அது நல்லது. உங்கள் மனைவியையோ மகளையோ கூட அழைத்துப் போங்கள். பெண்கள் கூட இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் பயப்படாமல் பேசுவார்கள்.

ஊருக்குள் போய் "கடற்படையில் இருந்தவர் வீடு" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "நேவிக்காரர்" என்றாலும் தெரியாது. மூலனூர் பக்கம் நான் அரை மணி நேரம் அப்படித்தான் அலைந்தேன். பால் சொசைட்டியில் கேன் கழுவிக்கொண்டிருந்த பெரியவர்தான், "ஏனுங்க, மிலிட்டரிக்காரர் தோட்டமுங்களா?" என்று கேட்டார். நம் ஊரில் தரையோ கடலோ வானமோ, எல்லாரும் மிலிட்டரிக்காரர்தான். அப்படியே கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்பதும் பிரயோஜனம் இல்லை, ஊருக்கு நாலு பழனிச்சாமி இருப்பார்கள். "எந்தத் தோட்டம்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தோட்டத்துப் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பால் சொசைட்டி, ரேஷன் கடை, தபால்காரர் என்ற வரிசையில் கேளுங்கள். காலை ஏழு மணிக்குள் பால் சொசைட்டிக்குப் போனால் ஊரே அங்கே இருக்கும்.

தோட்டத்துக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்து, உடம்பு பாதியாகியிருந்தது. மருமகள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார், யாரோ வந்திருக்கிறார்கள் என்பது போல.

பாய்லர் ரூமில் பேச்சு கேட்காது. நீராவியும் பம்பும் போடும் சத்தத்தில் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்கு எட்டாது. அதனால் எங்களுக்குள் கை ஜாடை வைத்திருந்தோம். இரண்டு விரலால் இடது மணிக்கட்டை இரண்டு தட்டு தட்டினால், "உன் வாட்ச் முடிந்தது, நான் வந்துவிட்டேன், நீ மேலே போ" என்று அர்த்தம். நான் முற்றத்தில் நின்றபடியே மணிக்கட்டைத் தட்டினேன்.

அவர் கையில் இருந்த மட்டை கீழே விழுந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டு கையையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். "டீ கொண்டுவந்தாயா?" என்று கேட்கும் ஜாடை அது. விடியற்காலை நாலு மணிக்கு வாட்ச் மாறும்போது தினமும் கேட்பார்.

அன்று மதியம் அங்கேயே சாப்பாடு. பேசினதெல்லாம் பாதி ஜாடையில், பாதி என் நோட்டில் எழுதிக் காட்டி. அந்த மருமகள் சாப்பாடு போடும்போது, "போனை வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க மாமா" என்றது. மன்னிக்க ஒன்றுமில்லை.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அந்தக் காலத்து புகைப்படம், உங்கள் அடையாள அட்டை, நோட்டு, பேனா. பழம் கொஞ்சம். முதல் சந்திப்பில் அவருடைய பி.பி.ஓ., வங்கி விவரம் எதையும் கேட்காதீர்கள், உதவி செய்யும் எண்ணத்தில்கூட. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வர ஒரு முழு நாள் ஆகும்.

8. அவர் இல்லை என்று தெரிந்தால்

என் பட்டியலில் நாலு பேர் போய்விட்டார்கள். இந்தச் செய்தி போனில் வரும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவோம். வைக்காதீர்கள். நண்பரின் மனைவியிடம் அவர் கப்பலில் எப்படி இருந்தார் என்று ஒரு சம்பவமாவது சொல்லுங்கள். புகைப்படத்தின் ஒரு பிரதியை அனுப்புங்கள். கணவர் வேலை பார்த்த இடத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல் வாழ்ந்த பெண்கள் அவர்கள். வருடத்துக்கு இரண்டு லீவில் பார்த்த மனிதரைப் பற்றி நம்மிடம்தான் கேட்க முடியும்.

அடுத்து ஒன்றை மெதுவாக விசாரியுங்கள்: குடும்ப ஓய்வூதியம் வருகிறதா? அது தானாக வராது. இறப்பைத் தெரிவித்து விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் சான்று, ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் இவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களை அழைத்துப் போங்கள். சிக்கல் வருவது பெயரில்தான். பதிவில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதை முதலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பென்ஷனுக்கான காலம் முடிக்காமல் வெளியே வந்து, முதுமையில் கஷ்டப்படும் தோழர் கிடைத்தால், கேந்திரிய சைனிக் போர்டின் (மத்திய படைவீரர் நல வாரியத்தின்) வறுமை நிவாரண உதவி பற்றிக் கேளுங்கள். 65 வயதைக் கடந்த, பென்ஷன் இல்லாதவர்களுக்கு, ஹவில்தார் ரேங்க் அளவு வரை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். விண்ணப்பம் மாவட்ட அலுவலகம் வழியாகத்தான்.

9. ஐந்து பேர் சேர்ந்ததும் ஒரு நாள் கூடுங்கள்

பத்து பேர் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐந்து பேர் கூடினால் மிச்சப் பேர்களை அந்த ஐந்து பேரும் கொண்டுவருவார்கள்.

நேவி தினமான டிசம்பர் 4-ல் வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. அது கார்த்திகை, முகூர்த்த மாதம், மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அதிகம். மழையும் இருக்கும். பன்னிரண்டு நாள் தள்ளி மார்கழி பிறந்ததும் வையுங்கள். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் சின்ன ஹால்கள் சும்மா கிடக்கும். காலை பத்தரைக்கு ஆரம்பியுங்கள், பனி விலகட்டும். இடம் கோவை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்தால் பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் மலையாளத் தோழர்கள் காலை ரயிலில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம்.

நாங்கள் 11 பேர், குடும்பத்தோடு 19 பேர். ஹாலும் மதியச் சாப்பாடும் காபியும் சேர்த்துத் தலைக்கு 480 ரூபாய் வந்தது. பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள், முடியாதவர் பங்கை மற்றவர்கள் சத்தமில்லாமல் போட்டுவிடுங்கள். மைக் வேண்டாம். காது கேட்காதவர்களுக்கு மைக் இரைச்சல் இன்னும் கஷ்டம். வட்டமாக நாற்காலி போட்டு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி உட்காருங்கள். ஒரு மேசையில் புகைப்படங்களை வைத்து, பக்கத்தில் பென்சிலும் வெள்ளைத் தாளும் வையுங்கள். யாருக்கு யார் பெயர் ஞாபகம் வருகிறதோ எழுதட்டும். எங்களுக்கு ஒரே மதியத்தில் 23 பெயர் சேர்ந்தது.

10. வாட்ஸ்அப் குழு வைத்தால்

ஒரு கப்பலுக்கு ஒரு குழு போதும். அரசியல், வைத்தியக் குறிப்பு, காலை வணக்கப் படம் எதுவும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சான்று, ஆதார், பி.பி.ஓ. படங்களைக் குழுவில் போடாதீர்கள். கப்பலின் உள்ளே இருக்கும் இயந்திரம், ஆயுதம் தெரியும் பழைய படங்களும் வேண்டாம். மகன் அல்லது பேரன் இப்போது நேவியில் இருந்தால் அவர் எந்தக் கப்பலில், எங்கே இருக்கிறார் என்று எழுதவே கூடாது. புதிதாகச் சேர வருபவரிடம் கப்பலில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். நாங்கள் கேட்பது: ஸ்டோக்கர் மெஸ்ஸில் தண்ணீர் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

எனக்கு இன்னும் கிடைக்காதவர்கள் மூன்று பேர். ஒருவர் கொல்லத்துக்காரர், என்ஜின் பிரிவில் எல்.எம்.இ. ரேங்க், நன்றாகப் பாடுவார். ஒருவர் ரோத்தக் பக்கத்து ஜாட், எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். மூன்றாமவர் 'நாமக்கல்'. 1985 மழைக்காலத்தில் கப்பல் ஆட்டத்தில் நான் மூன்று நாள் எதுவும் சாப்பிட முடியாமல் கிடந்தபோது, கேலியில் கஞ்சி வைத்து உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொண்டுவந்து, தலையைப் பிடித்துக் குடிக்க வைத்தவர். பரமத்தி வேலூர் பக்கம் என்று சொன்னதாக ஞாபகம். கோவையிலும் நாமக்கல்லிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் என் சீட்டு இருக்கிறது. "நீலகிரி, பாய்லர் ரூம்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.